சித்தியின் காலில் ரத்தம் குறைவா, கூடுதலா?

காவேரிப்பட்டணத்தில் என் சித்தி 23 வருடமாக டிபன் கடை வைத்திருக்கிறார். காலை ஐந்து மணிக்குத் தோசைக்கல் முன்னால் நின்றால் பதினொரு மணி வரை அந்த இடத்தைவிட்டு இரண்டடி நகர மாட்டார். சாயங்காலம் போண்டா, பஜ்ஜிக்கு இன்னொரு நான்கு மணி நேரம். இடது காலின் உள்பக்கம், கணுவுக்குக் கொஞ்சம் மேலே, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்திருக்கிறது. தொட்டால் பழைய செருப்புத் தோல் மாதிரி விறைப்பாக இருக்கும். இரண்டு கோடைக்கு முன்னால் அந்தக் கறுப்பின் நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் புண் வந்தது. மாதக்கணக்கில் ஆறவில்லை.

"ரத்த ஓட்டம் இல்ல கண்ணு, அதான் ஆற மாட்டேங்குது" என்றார் சித்தி. கடைக்கு வருகிறவர்களும் அதையே சொல்லியிருக்கிறார்கள். ஓட்டம் வரட்டும் என்று தினமும் ராத்திரி வெந்நீரில் காலை வைத்தார், தவிட்டு ஒத்தடம் கொடுத்தார். கால் இன்னும் வீங்கியது.

நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன், டாக்டர் இல்லை. ஆனால் "ஓட்டம் இல்லை" என்று யாராவது சொன்னால் "எவ்வளவு இல்லை, எதை வைத்து அளந்தீர்கள்?" என்று கேட்கத் தோன்றுவது தொழில் புத்தி. தோலுக்குள் ஓடும் ரத்தத்தை அளக்கக் கருவி இருக்கிறது. சித்தியைப் போன்றவர்களின் காலில் அதை வைத்துப் பார்த்தபோது வந்த எண்கள் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருந்தன. அந்த நேர்மாறைப் புரிந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் பக்கத்தில் "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்கிறோம். வலியையும் தொடு உணர்வையும் கடத்துகிற நரம்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இது ரத்தக் குழாய். இதயத்திலிருந்து காலுக்கு ரத்தம் கொண்டுவருவது தமனி. காலிலிருந்து இதயத்துக்குத் திரும்பக் கொண்டுபோவது சிரை. டாக்டர் "வெரிகோஸ்" என்று சொல்வது சிரை சுருண்டு புடைப்பதை. ரத்தம் வரும் வழி கெட்டதா, போகும் வழி கெட்டதா என்று பிரித்துப் பார்க்காமல் பொத்தாம்பொதுவாக "ஓட்டம் சரியில்லை" என்று சொல்லும்போதுதான் வெந்நீர் வைத்தியம் வந்து சேருகிறது.

120 சென்டிமீட்டர் உயரத் தூண்

மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் மேல்மாடிக் குழாயில் மெதுவாகவும் கீழ்வீட்டுக் குழாயில் வேகமாகவும் வருவதைப் பார்த்திருப்பீர்கள். மேலே நிற்கும் தண்ணீரின் எடை கீழே அழுத்தமாகிறது. உடம்பிலும் அதே கணக்குதான். அசையாமல் நிற்கும் ஒருவரின் இதயத்துக்கும் கணுக்காலுக்கும் நடுவில் சுமார் 120 சென்டிமீட்டர் உயரத்துக்கு ரத்தம் தூணாக நிற்கிறது. ரத்தம் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம், பாதரசம் தண்ணீரைப் போல் 13.6 மடங்கு கனம். வகுத்துப் பார்த்தால் கணுக்கால் சிரையில் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் வருகிறது. பி.பி. பார்க்கும்போது 120, 80 என்று சொல்கிறார்களே, அதே அளவுகோல்.

இந்த 90 நோய் இல்லை. நீங்கள் இப்போது எழுந்து அசையாமல் நின்றாலும் அதே 90தான். வித்தியாசம் நடக்கும்போது தெரியும். ஆடுசதை ஒவ்வொரு அடிக்கும் சுருங்கி, உள்ளே இருக்கும் ஆழமான சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. மேலே போனது திரும்பி விழாமல் சிரைக்குள் இருக்கும் சிறு வால்வுகள் மூடிக்கொள்கின்றன. நல்ல காலில் பத்து அடி நடந்தாலே கணுக்கால் சிரை அழுத்தம் 30க்கும் கீழே இறங்கிவிடும். வால்வு கெட்ட காலில், நடந்தாலும் அது கொஞ்சம்தான் இறங்கும். கடை திறந்ததிலிருந்து மூடும் வரை, நின்றாலும் நடந்தாலும், அந்தத் தோல் கனமான ஒரு தூணுக்கு அடியிலேயே கிடக்கிறது.

வால்வு இருப்பதை உங்கள் கையிலேயே பார்க்கலாம். முழங்கைக்கு மேலே ஒரு துண்டை ஓரளவு இறுக்கிக் கட்டுங்கள். முன்கைச் சிரைகள் புடைக்கும். அங்கங்கே சின்ன முடிச்சு போலத் தெரியும். ஒரு சிரையை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு விரலால் அங்கிருந்து தோள் பக்கமாக அடுத்த முடிச்சைத் தாண்டி ரத்தத்தை வழித்து விடுங்கள். நடுவில் உள்ள சிரைப் பகுதி வெறுமையாகிவிடும். மேலே ரத்தம் நிறைந்திருந்தும் அது கீழே இறங்கி வராது. கீழ் விரலை எடுத்தால்தான் கீழிருந்து நிரம்பும். ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-ல் வெளியிட்ட நூலில் படம் போட்டுக் காட்டிய சோதனை இது. வால்வுகளைப் பற்றி 1603-லேயே எழுதியவர் இத்தாலியின் பாதுவாவில் அவருக்குப் பாடம் நடத்திய ஃபாப்ரிசியஸ். அவை எதற்கு என்று சரியாகப் பிடித்தது மாணவர். துண்டைச் சீக்கிரம் அவிழ்த்துவிடுங்கள்.

2017 நவம்பரில் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் ஷட்டர் ஒன்று உடைந்தது நம் மாவட்டக்காரர்களுக்கு நினைவிருக்கும். வால்வு கெடுவதைச் சொல்ல அதைத்தான் முதலில் உதாரணமாக நினைத்தேன், ஆனால் முழுதாகப் பொருந்தவில்லை. அணையில் தண்ணீர் ஒரு தடவை வடிந்தால் வடிந்ததுதான். காலில் அப்படி இல்லை. வடிந்து விழுந்த ரத்தத்தைச் சதை மறுபடி மேலே தள்ளும், அது மறுபடி வடியும். ஒரு வால்வு போனால் அதன் பாரம் அடுத்த கீழ் வால்வின் மேல் ஏறும். சிரை அகன்று அந்த வால்வின் இதழ்களும் சேராமல் போகும்.

இந்த அழுத்தம் கடைசியில் போய் மோதுவது தோலின் தந்துகிகளில், அதாவது மயிரிழையைவிட மெல்லிய நுண்குழாய்களில். அவற்றின் சுவர் வழியாக நீர் கசிகிறது; அதுதான் சாயங்கால வீக்கம். சிவப்பணுக்களும் கசிகின்றன. வெளியே வந்த சிவப்பணு உடைந்ததும் அதிலிருக்கும் இரும்பு தோலிலேயே தங்கிவிடும். சித்தியின் காலில் தெரியும் கறுப்பில் பெரும்பங்கு அந்த இரும்புதான். ரத்தம் வராததால் கறுத்ததாக எல்லோரும் நினைத்த இடம், ரத்தம் கசிந்து கசிந்து கறை பிடித்த இடம். நாளாக ஆகத் தோலும் அதற்கடியில் உள்ள கொழுப்பும் இறுகி, கணுக்கால் ஒடுங்கி, மேலே ஆடுசதை பருத்து, கால் கவிழ்த்து வைத்த சோடா பாட்டில் மாதிரி ஆகும்.

ஊருக்குள் தெரு, ஊருக்கு வெளியே பைபாஸ்

அளப்பதற்கு முன்னால் தோலுக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று ஒரு வரைபடம் மனதில் வேண்டும். மேல்தோலுக்குச் சொந்தமாக ரத்தக் குழாய் கிடையாது. அதற்கு அடியில் கொண்டை ஊசி போல வளைந்த தந்துகிகள் மேல்நோக்கி எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. மேல்தோலுக்குச் சாப்பாடு போடுவது அவைதான். அவற்றுக்குக் கீழே பெரிய குழாய்கள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. அந்த வலையின் முக்கிய வேலை சூட்டைக் கவனிப்பது. உடம்பு சூடானால் அகன்று வெப்பத்தை வெளியே விடும், குளிர்ந்தால் ஒடுங்கும்.

தருமபுரி வழியாகப் போகிறவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். சேலம்–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஒரு நாளைக்கு எத்தனையோ ஆயிரம் வண்டி போகிறது. அதில் ஊருக்குள் திரும்பி மளிகைக் கடைக்கு மூட்டை இறக்குகிற வண்டி எத்தனை? தோலிலும் மொத்த ஓட்டத்தில் சின்னப் பங்குதான் மேலே இருக்கும் தந்துகிகளுக்குப் போகிறது. மீதியெல்லாம் பைபாஸ் போக்குவரத்து. பின்னால் எண்களைப் பார்க்கும்போது இந்தப் பைபாஸ் மறுபடி வரும்.

லாரி ஹாரனும் லேசரும்

தொப்பூர் கணவாயில் ரோட்டோரம் நின்றால் தெரியும். ஹாரன் அடித்துக்கொண்டே நம்மை நோக்கி வரும் லாரியின் சத்தம் கீச்சென்று இருக்கும், கடந்ததும் கனத்துவிடும். ஓட்டுநர் ஹாரனை மாற்றவில்லை. வண்டி நகர்வதால் நம் காதுக்கு வரும் அதிர்வெண் மாறுகிறது. ஆஸ்திரிய இயற்பியலாளர் கிறிஸ்தியான் டாப்ளர் 1842-ல் இதைச் சொன்னார். அவர் விளக்க முயன்றது நட்சத்திரங்களின் நிறத்தை.

ஒளிக்கும் இது பொருந்தும். தோலின் மேல் லேசர் ஒளியை விட்டால் அது சுமார் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குள் போய்ச் சிதறித் திரும்புகிறது. அசையாத திசுவில் பட்டுத் திரும்பிய ஒளியின் அதிர்வெண் மாறாது. ஓடும் சிவப்பணுவில் பட்டுத் திரும்பியது துளி மாறியிருக்கும். எவ்வளவு துளி? 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரின் அதிர்வெண் நொடிக்குச் சுமார் 384 லட்சம் கோடி. நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் ஊரும் சிவப்பணு அதில் கொண்டுவரும் மாற்றம் அதிகபட்சம் சில ஆயிரம்தான். அவ்வளவு பெரிய எண்ணில் இவ்வளவு சின்ன மாற்றத்தை நேராக எண்ணிக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

கோயில் திருவிழாவில் இரண்டு நாதஸ்வரம் சுருதி சேராமல் வாசிக்கும்போது ஒரு நடுக்கம் கேட்குமே, சத்தம் ஏறி இறங்கி அலைமோதுமே, அந்தத் தந்திரம்தான் இங்கே கைகொடுக்கிறது. மாறாத ஒளியும் மாறிய ஒளியும் சென்சாரில் ஒன்றாக விழும்போது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் வெளிச்சத்தின் நடுக்கமாக வெளிப்படுகிறது. நொடிக்கு இரண்டாயிரம் தடவை நடுங்குவதை அளப்பது மின்னணுவியலுக்கு ஒரு பொருட்டே இல்லை.

இதை வீட்டில் அரைகுறையாகவாவது பார்க்கலாம். கிருஷ்ணகிரியில் மாம்பழத்துக்கா பஞ்சம்? நன்கு பழுத்த பெங்களூரா ஒன்றை மேசையில் வையுங்கள். கடையில் கிடைக்கும் லேசர் பாயிண்டரை இரண்டு புத்தகத்துக்கு நடுவில் ஆடாமல் பொருத்தி, இருட்டறையில் பழத்தின் மேல் அடியுங்கள். (கண்ணில் படக் கூடாது, கண்ணாடியிலும் அடிக்கக் கூடாது, குழந்தைகள் கையில் கொடுக்கவே கூடாது.) வெளிச்சப் புள்ளி வழவழப்பாக இருக்காது, ரவை தூவியது மாதிரிப் பொரிப்பொரியாக இருக்கும். அதே லேசரைச் சுவரில் அடித்தால் பொரிகள் அசையாமல் நிற்கும். பழத்தின் மேல் அவை கொதிப்பது போல நெளிந்துகொண்டே இருக்கும். பழத்துக்குள் நுண்ணிய துகள்கள் நகர்வதன் அறிகுறி அது. என் வகுப்பில் இதைக் காட்டியபோது ஒரு பையன் "சார், பழம் உயிரோட இருக்கு" என்றான். லேசர் பொரிகள் எவ்வளவு வேகமாகக் கலைகின்றன என்பதை வைத்து ரத்த ஓட்டத்தைப் படமாகவே எடுக்கும் முறை 1981-ல் வந்தது.

லேசரையும் டாப்ளரையும் சேர்த்து ரத்த ஓட்டம் பார்த்தது அதற்கும் முன்னால். 1972-ல் முயலின் விழித்திரைக் குழாயில் அளந்தார்கள். 1975-ல் மைக்கேல் ஸ்டெர்ன் மனிதத் தோலில் அளந்து காட்டினார். 1980 வாக்கில் சுவீடனின் லின்ஷோப்பிங்கில் இருந்த குழுவினர் அதை மருத்துவமனைக்கு ஏற்ற கருவியாக்கினார்கள். சட்டைப் பொத்தான் அளவு முனை, அதிலிருந்து கண்ணாடி இழை, ஒரு பெட்டி, பெட்டியில் ஒரு எண். பெரிய கண்டுபிடிப்பு கடைசியில் பார்ப்பதற்கு இவ்வளவுதான்.

அந்த எண் எதன் எண்?

கருவி தருவது இரண்டு விஷயத்தின் பெருக்கல்: அளக்கும் இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் சிவப்பணுக்களின் எண்ணிக்கை, அவற்றின் சராசரி வேகம். டோல்கேட்டில் வண்டிகளை எண்ணி, சராசரி வேகத்தால் பெருக்குவது போல. நூறு வண்டி மெதுவாகப் போனாலும் ஐம்பது வண்டி வேகமாகப் போனாலும் விடை ஒன்றாகவே வரலாம். எந்தத் திசையில் போகின்றன என்றும் சொல்லாது. இவ்வளவு மில்லி ரத்தம் என்று தராமல், "பெர்ஃப்யூஷன் யூனிட்" என்ற தன் சொந்த அளவில் தரும். தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் மணிகளின் தானாட்டத்தை அளந்து, அதற்கு இன்ன எண் என்று முடிவுசெய்து, கருவியை அதற்குச் சரிசெய்து வைக்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை: தொடையில் பட்டையை இறுக்கி ரத்த ஓட்டத்தை முழுதாக நிறுத்தினாலும் எண் பூஜ்யத்துக்கு வராது. நின்றுபோன சிவப்பணுக்களும் திசுவும் கொஞ்சம் ஆடிக்கொண்டேதான் இருக்கும். இந்த மிச்சத்தை "உயிரியல் பூஜ்யம்" என்று சொல்லிக் கழித்துக்கொள்கிறார்கள். எனக்குப் பிடித்த சொல்.

படிக்கும் காலத்தில் ஒரு ஆய்வுக்கூடத்தில், நல்ல கால் என்ற கணக்கில், என் காலையும் இப்படி அளந்தார்கள். காலையிலிருந்து டீ, காபி கூடாது. பீடி சிகரெட் பழக்கம் இருந்தால் அதுவும் கூடாது. 23 டிகிரி அறையில் 20 நிமிடம் சும்மா படுக்க வைத்தார்கள். தோலின் ரத்த ஓட்டம் சூட்டுக்கு அப்படி ஆடக்கூடியது. வெயிலில் நடந்து வந்த உடனே அளந்தால் அளப்பது வெயிலைத்தான். அப்புறம் உள்கணுவுக்கு மேலே இருபக்கமும் ஒட்டும் வளையத்தால் முனையை ஒட்டினார்கள். திரையில் கோடு ஓடியது. இதயத்துடிப்புக்கு ஒரு சின்ன மேடு, அதற்கு மேல் நிமிடத்துக்குச் சில தடவை மெதுவாக எழுந்து அடங்கும் ஒரு அலை. சிறு தமனிகளே சுருங்கி விரியும் தாளம் அது என்றார்கள். நான் இருமினேன், கோடு கூரைக்குத் தாவியது. "பேசாம படுங்க தம்பி" என்றார் அளந்தவர். எண் 12 வாக்கில் நின்றது. முனையை அரை சென்டிமீட்டர் தள்ளி ஒட்டியதும் 17. கீழே ஒரு சிறு தமனி ஓடினால் அப்படித்தானாம். ஒற்றை எண்ணைப் பார்த்து ஒரு காலுக்குத் தீர்ப்பு எழுத முடியாது என்பது எனக்கு அன்றைக்கே புரிந்தது.

படுத்தபின் காலைத் தொங்கவிடுங்கள்

இப்போது சித்தியின் கேள்விக்கு வரலாம். சிரை கெட்டு, தோல் கறுத்து இறுகிய காலில், ஓய்வாகப் படுத்திருக்கும்போது லேசர் டாப்ளரை வைத்தால் எண் நல்ல காலைவிடக் குறைவாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பல ஆய்வுகளில் அது கூடுதலாக வந்தது. புண் வரக் காத்திருக்கும் தோலில், புண்ணே வந்த தோலின் ஓரத்தில், ரத்தம் தாராளமாக ஓடுகிறது. "ஓட்டம் இல்லை" என்ற ஊர்ப்பேச்சு இங்கே தவிடுபொடி.

பின் ஏன் ஆறவில்லை? விடையில் ஒரு பாதி, காலைத் தொங்கவிடும்போது தெரிகிறது. படுத்திருக்கும் ஒருவரின் ஒரு காலை மட்டும் கட்டிலுக்குக் கீழே இறக்கினால், சிரை அழுத்தம் ஏறுவதை உணர்ந்து அங்குள்ள சிறு தமனிகள் தாமாகவே ஒடுங்கிக்கொள்கின்றன. மூளையைக் கேட்பதில்லை, அந்த இடத்து நரம்பு இழைகளே பார்த்துக்கொள்ளும் வேலை. கீழே வெள்ளம் தேங்கும்போது மேல் மதகைக் குறைக்கிறதே, அது மாதிரி. நல்ல காலில் தோல் ஓட்டம் கிட்டத்தட்ட 40, 50 சதவீதம் குறையும். என் காலில் 12 இருந்தது 7-க்கு இறங்கியதை நானே பார்த்தேன்.

சிரை கெட்டவர்கள் பலரிடம் இந்த மதகு மழுங்கிவிடுகிறது. கால் தொங்கினாலும் ஓட்டம் அவ்வளவாகக் குறைவதில்லை. போகும் வழி ஏற்கெனவே தேங்கிக் கிடக்க, வரும் வழி திறந்தே இருந்தால் நடுவில் மாட்டிக்கொள்வது தந்துகி. அழுத்தம் முழுதும் அதன் மேல், கசிவு இன்னும் கூடுதல். அதனால் இந்தக் காலை அளக்கும்போது படுத்திருக்கும் எண்ணைவிட, படுத்த எண்ணுக்கும் தொங்கவிட்ட எண்ணுக்கும் உள்ள இடைவெளியே எனக்கு முக்கியமாகப் படுகிறது. முனை எந்த இடத்தில் ஒட்டியது, தோல் எவ்வளவு கறுப்பு என்ற தொல்லைகளும் இதில் பாதி கழிந்துவிடும். அதே காலின் அதே இடத்தைத்தானே ஒப்பிடுகிறோம்.

சர்க்கரை நோயில் நரம்பு பாதித்தவர்களிடமும் இந்த ஒடுக்கம் மழுங்கும். ஆகவே இது சிரை நோய்க்கு மட்டுமான முத்திரை இல்லை. முனையிலேயே 42 முதல் 44 டிகிரி வரை சூடாக்கி, குழாய் எவ்வளவு விரிய முடிகிறது என்று பார்ப்பதும், பட்டையால் சில நிமிடம் ஓட்டத்தை நிறுத்திவிட்டு அவிழ்த்தவுடன் எவ்வளவு பாய்கிறது என்று பார்ப்பதும் உண்டு. ஓய்விலேயே பாதி விரிந்து கிடக்கும் குழாய்க்கு மேலும் விரிய இடம் குறைவு.

விடையின் இன்னொரு பாதி அந்தப் பைபாஸ். லேசர் ஒரு மில்லிமீட்டர் ஆழத்தை மொத்தமாகப் பார்க்கிறது. அதில் பெரும்பங்கு கீழ் வலையின் போக்குவரத்து. மேலே இருக்கும் தந்துகிகளை நுண்ணோக்கியில் பார்த்தால் கதை வேறு. கொண்டை ஊசி போல நேராக இருக்க வேண்டியவை ஜாங்கிரி போலச் சுருண்டிருக்கின்றன, எண்ணிக்கையும் குறைந்திருக்கிறது. தோலின் மேல் ஒட்டி ஆக்சிஜன் அளக்கும் மின்முனையும் உண்டு. அது தோலை 44 டிகிரிக்குச் சூடாக்கி, மேலே ஊடுருவி வரும் ஆக்சிஜனைப் படிக்கும். புண்ணுக்குப் பக்கத்தில் அந்த எண் குறைவாகவே வருகிறது. நெடுஞ்சாலையில் நெரிசல், ஊருக்குள் அரிசி வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதில் சண்டை நடந்திருக்கிறது. 1982-ல் பிரௌஸ், பர்னாண்ட் என்ற லண்டன் அறுவை மருத்துவர்கள், கசிந்த புரதம் தந்துகியைச் சுற்றி ஃபைப்ரின் (ரத்தம் உறையும்போது உண்டாகும் நார்) உறையாகப் படிந்து ஆக்சிஜனைத் தடுக்கிறது என்றார்கள். 1988-ல் கோலரிட்ஜ் ஸ்மித் குழு, அழுத்தத்தில் வேகம் குறைந்த தந்துகிகளில் வெள்ளையணுக்கள் மாட்டி, கோபப்பட்டு, சுவரைக் கெடுக்கின்றன என்றது. எனக்கு இரண்டாவதுதான் மனதுக்கு நெருக்கம், ஏனென்றால் அந்த இடம் வெறுமனே பட்டினி கிடப்பது போல இல்லை. சிவந்து, சூடாகி, அரித்து, அழற்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் உறையும் உண்மையாகவே அங்கே இருக்கிறது.

சித்திக்கு என்ன நடந்தது

சித்தியின் காலில் யாரும் லேசர் வைக்கவில்லை. இந்தக் கருவிக்குப் பெரும்பாலும் வேலை ஆய்வுக்கூடங்களிலும் பெரிய ரத்தநாளப் பிரிவுகளிலும்தான். ஒருவருக்குச் சிகிச்சை முடிவுசெய்யத் தேவைப்படுவது டூப்ளெக்ஸ் ஸ்கேன். அதுவும் டாப்ளர்தான், ஆனால் ஒளிக்குப் பதில் ஒலி, தந்துகிக்குப் பதில் பெரிய சிரை. நிற்க வைத்து, ஆடுசதையை அமுக்கி விட்டதும் ரத்தம் கீழ்நோக்கித் திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். மேல்சிரைகளில் அந்தப் பின்னோட்டம் அரை நொடிக்கு மேல் நீடித்தால் வால்வு கெட்டதாகக் கணக்கு. திரையில் ஓட்டத்தின் திசையை நிறம் காட்டும்; சித்திக்கு அது இரண்டு நொடிக்கு மேல் நீலத்திலிருந்து சிவப்புக்கு மாறி நின்றது.

அதற்கு முன்னால் டாக்டர் செய்த இன்னொரு வேலையை எல்லோரும் கேட்டு வாங்க வேண்டும். கணுக்காலிலும் கையிலும் பி.பி. பார்த்து, கணுக்கால் எண்ணைக் கை எண்ணால் வகுத்தார். நல்ல காலில் விடை 1-க்குப் பக்கத்தில் வரும். 0.9-க்குக் கீழே வந்தால் தமனியிலும் அடைப்பு இருக்கலாம். 0.5-க்கும் கீழே போனால் காலை இறுக்கிக் கட்டுவது ஆபத்து, வருகிற கொஞ்ச ரத்தமும் நின்றுவிடும். சித்திக்கு 1.05. அதன் பிறகுதான் கட்டு.

கட்டு என்றால் வெறும் துணி இல்லை. கணுக்காலில் 30, 40 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் வருகிற மாதிரி பல அடுக்கு. ஒரே இழுவையில் சுற்றினாலும் ஒல்லியான கணுவில் அழுத்தம் கூடுதலாகவும் பருத்த ஆடுசதையில் குறைவாகவும் விழும், ஆரம் குறைந்தால் அழுத்தம் கூடும் என்ற லாப்லாஸ் விதிப்படி. கீழே இறுக்கம், மேலே தளர்வு. ரத்தம் மேலே போக அதுதான் தோது. "ஓட்டமே இல்லாத காலை இன்னும் இறுக்கிக் கட்டுறாங்களே" என்று சித்தி முதல் வாரம் முழுக்கப் புலம்பினார். காலை இதயத்துக்கு மேலே உயர்த்தி வைத்ததும் இத்தகைய தோலில் சிவப்பணுக்களின் வேகம் கூடுவதை லேசர் டாப்ளரில் பார்த்திருக்கிறார்கள் என்று அவருக்குச் சொன்னேன். கட்டும் அதே வழியில்தான் உதவுகிறது. தேங்கிக் கிடந்த தெருவில் வழி விட்டால் வண்டி நகரும், அவ்வளவுதான். வெந்நீரும் தவிட்டு ஒத்தடமும் செய்ததற்கு இது நேர் எதிர். சூடு பைபாஸை இன்னும் அகலமாகத் திறந்துவிட்டது, போகும் வழியோ தேங்கியே கிடந்தது.

கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் திருத்தம் வந்தது. துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்களை நினைத்து வந்தது அது. சொந்தக் கடையில் சொந்தக் காலில் நிற்கும் என் சித்திக்கு எந்தச் சட்டம் ஸ்டூல் போடும்? நான்தான் போட்டேன், உயரமாக ஒன்று. தோசைக்கல் உயரத்துக்குச் சரியாக வரவில்லை என்று இரண்டு தடவை ஸ்டூலின் காலை அறுத்துக் கொடுத்தார் தச்சர்.

புண் ஐந்து மாதத்தில் மூடியது. கறுப்பு அப்படியேதான் இருக்கிறது. இரும்புக் கறை அவ்வளவு சீக்கிரம் போகாது. போன வாரம் மாம்பழ சீசனில் போனபோது லேசரையும் கொண்டுபோனேன். கடை மூடிய பிறகு விளக்கை அணைத்துவிட்டு பெங்களூரா மேல் அடித்துக் காட்டினேன். சித்தி கட்டிலில் காலைத் தலையணை மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் அந்தச் சிவப்புக் கொதிப்பையே பார்த்தார்.

"ஏன் கண்ணு, இதை என் கால்ல அடிச்சா?"

"இதுல எண்ணு வராது சித்தி."

"எண்ணு வேணாம். ஓடுதான்னு பாக்கலாம்ல?"

புண் இருந்த தழும்புக்குப் பக்கத்தில் அடித்தேன். பொரிகள் நெளிந்தன.